மேகத்தைத் துளைக்கும் அலைகள்: ஜகதீஷ் சந்திர போஸ் விட்டுச்சென்ற கருவிகள்

சிங்கப்பூரையும் மலேசியாவையும் வானிலிருந்து படம்பிடிப்பது எளிதன்று. நிலநடுக்கோட்டை ஒட்டிய இவ்வட்டாரத்தை ஆண்டின் பெரும்பகுதியில் மேகம் மூடியிருக்கும். சாதாரண கேமரா பொருத்திய துணைக்கோளம் மேலே கடந்து செல்லும்போது, கீழே அதற்குத் தெரிவது பெரும்பாலும் வெண்மேகம்தான்.

அந்தக் குறையைப் போக்கவே ரேடார் துணைக்கோளங்கள் வந்தன. சிங்கப்பூரின் டெலியோஸ்-2, 2023 ஏப்ரல் 22ஆம் தேதி இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி உந்துகணையில் ஏவப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, டிஎஸ்-சார் என்னும் மற்றொரு ரேடார் துணைக்கோளமும் அங்கிருந்தே விண்ணுக்குச் சென்றது. இவை சூரிய ஒளிக்குக் காத்திருப்பதில்லை. தாமே நுண்ணலைகளைக் கீழே அனுப்பி, தரையிலும் கடலிலும் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு படம் வரைகின்றன. இரவானாலும் மேகமானாலும் அவற்றின் வேலை நிற்காது.

நுண்ணலைகளைக் கையாள என்னென்ன வேண்டும்? அலையைச் சிதறாமல் கொண்டுசெல்லும் குழாய், அதை வெளியே அனுப்பவும் உள்ளே வாங்கவும் கொம்பு போன்ற புனல், திரும்பி வரும் நலிந்த அலையை உணரும் படிகம். இவை ஒவ்வொன்றின் முன்னோடி வடிவத்தையும் 1890களிலேயே கல்கத்தாவில் ஒரு கல்லூரியின் சிறிய அறையில் செய்து இயக்கிக் காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

செடிகொடிகளின் உணர்வை அளந்து காட்டிய அறிவியலாளராகவே தமிழ் வாசகர்களில் பலர் அவரை அறிந்திருப்பர். அவருடைய வாழ்க்கையின் இந்த முற்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதில் வறுமை உண்டு, இனப் பாகுபாட்டுக்கு எதிரான போராட்டம் உண்டு. கைக்கு வந்த பெருஞ்செல்வத்தை வேண்டாம் என்று ஒதுக்கிய முடிவும் உண்டு.

கொள்ளைக்காரரின் தோளில் பள்ளிக்கு

போஸ் 1858 நவம்பர் 30ஆம் தேதி, இன்றைய பங்ளாதேஷில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் ஆட்சியில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர்.

வசதியுள்ள வங்காளிக் குடும்பங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பத் துடித்த காலம் அது. பகவான் சந்திரரோ மகனை ஊரிலிருந்த வங்காளி மொழிப் பாடசாலையில் சேர்த்தார். தாய்மொழியையும் தன் மக்களையும் அறிந்த பிறகே ஆங்கிலம் என்பது அவருடைய கொள்கை. வகுப்பில் ஜகதீஷின் ஒரு பக்கம் தந்தையிடம் வேலை பார்த்த முஸ்லிம் பணியாளரின் மகன். மறுபக்கம் ஒரு மீனவரின் மகன். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிரினக் கதைகள்தாம் இயற்கைமீது அவருக்கு ஆவலைத் தூண்டின.

சிறுவனைப் பள்ளிக்குத் தோளில் சுமந்து சென்றவர் ஒரு முன்னாள் கொள்ளைக்காரர். பகவான் சந்திரரே அவருக்குச் சிறைத் தண்டனை விதித்திருந்தார். தண்டனை முடிந்து வந்தவருக்கு வேறு யாரும் வேலை தரமாட்டார்கள் என்பதால் தம் வீட்டிலேயே வேலை கொடுத்தார்.

மகாபாரதக் கதைகளில் ஜகதீஷுக்குப் பிடித்தவன் கர்ணன். பிறப்பைக் காட்டி இகழப்பட்டும் பின்வாங்காமல், தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் களத்தில் நின்றவன் என்பதால் அந்தப் பாத்திரம் அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

பின்னர் கல்கத்தாவில் ஹேர் பள்ளி, செயின்ட் சேவியர்ஸ் பள்ளி, அதே பெயர்கொண்ட கல்லூரி என்று படிப்பு தொடர்ந்தது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பெல்ஜியப் பாதிரியார் ஃபாதர் லஃபோன், பாடத்தைச் சோதனைகள் மூலம் நடத்திக் காட்டுவதில் வல்லவர். கருவியைக் கையால் செய்து, கண்ணால் பார்த்து நம்பும் பழக்கம் போஸுக்கு அங்கேதான் ஏற்பட்டது.

மருத்துவம் கைவிட்டது, இயற்பியல் சேர்த்துக்கொண்டது

பட்டம் பெற்றதும் இங்கிலாந்து சென்று ஐசிஎஸ் தேர்வு எழுதலாம் என்று போஸ் எண்ணினார். தந்தை ஒப்புக்கொள்ளவில்லை. மகன் பிறரை ஆளும் அதிகாரியாவதைவிடக் கல்விமானாவதையே அவர் விரும்பினார். அப்போது தந்தையின் தொழில் முயற்சிகள் நட்டத்தில் முடிந்து, குடும்பம் கடனில் இருந்தது. கடல் கடந்து செல்வதை முதலில் எதிர்த்த தாயார், பிறகு மனம் மாறி, நகைகளை விற்றாவது மகனைப் படிக்க வைக்க முன்வந்தார்.

1880ல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றார் போஸ். இந்தியாவிலேயே பற்றிக்கொண்ட காய்ச்சல் விடாமல் தொடர்ந்தது. பிண அறுவைக் கூடத்தின் நெடி அதை மேலும் மோசமாக்கியது. மருத்துவத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

அடுத்து அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் படித்தார். அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களில் ஒருவர் லார்ட் ரேலே. ஒலி, ஒளி அலைகள் பற்றிய ஆய்வில் உலகப் புகழ்பெற்றவர். 1884ல் கேம்பிரிட்ஜ் பட்டமும் லண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்ற போஸ், மறு ஆண்டு இந்தியா திரும்பினார்.

மூன்றாண்டு சம்பளம் தொடாத பேராசிரியர்

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் பணி கிடைத்தது. ஆனால் அதற்கே எதிர்ப்பு இருந்தது. நுட்பமான அறிவியலைக் கற்பிக்க இந்தியர்களுக்குத் தகுதி போதாது என்ற எண்ணம் கல்வித் துறையின் உயர் அதிகாரிகளிடம் ஊறியிருந்தது.

ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்குக் கிடைத்த சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் பணி தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியாகக் குறைத்தார்கள். ஆக, பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திய ஐரோப்பியர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை விடவில்லை. கூச்சல் போடவுமில்லை. நாள்தோறும் கல்லூரிக்கு வந்து பாடம் நடத்தினார். மாதக் கடைசியில் வந்த சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். மூன்றாண்டு காலம் இது நீடித்தது.

அந்தக் காலத்தில்தான், 1887ல், அவருக்கும் அபலா தாஸுக்கும் திருமணம் நடந்தது. அபலாவின் கதையில் தமிழகத்துக்கும் இடமுண்டு. பெண்களைச் சேர்த்துக்கொள்ளக் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தயங்கியதால், அவர் 1882ல் உதவித்தொகை பெற்று மதராஸ் மருத்துவக் கல்லூரிக்குச் சென்று படித்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலவில்லை. பிற்காலத்தில் வங்காளத்தில் பெண்கல்விக்காகப் பெரிதும் உழைத்தார்.

சம்பளமில்லாத வீட்டைப் புதுமணத் தம்பதி சிக்கனமாக நடத்தினர். வாடகை குறைவான சந்தன்நகரில் குடியிருந்தனர். கல்லூரி நாளில் ஹூக்ளி ஆற்றைக் கடக்க ஒரு படகு வைத்திருந்தனர். போஸ் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுச் செல்ல, அபலா படகைத் திருப்பிக் கொண்டுவருவார்.

மூன்றாம் ஆண்டின் முடிவில் நிர்வாகம் இறங்கி வந்தது. போஸின் கற்பிக்கும் திறனைக் கல்லூரி கண்டுகொண்டது. அவருடைய பணி நிரந்தரமானது. விடுபட்ட மூன்றாண்டுச் சம்பளமும் முழு விகிதத்தில் ஒரே தொகையாக வந்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் போனது.

சிறிய அறை, சிறிய அலை

1894 நவம்பர் 30. அன்று போஸுக்கு 36 வயது நிறைந்தது. இனி வாழ்நாளை ஆராய்ச்சிக்குக் கொடுப்பது என்று அவர் முடிவெடுத்தார்.

முடிவெடுப்பது எளிது. கல்லூரியில் ஆய்வுக்கூடம் இல்லை, ஆய்வுக்குப் பணம் இல்லை, நேரமும் இல்லை. நாள்தோறும் பல மணி நேரம் வகுப்பு. எஞ்சிய நேரத்தில், குளியலறையை ஒட்டியிருந்த ஒரு சிறு அறையைத் தம் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழியில்லாததால், உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவற்றைச் செய்யவைத்தார். செலவு பெரும்பாலும் சொந்தப் பணம்.

அக்காலத்தில் அறிவியல் உலகைக் கவர்ந்திருந்தது மின்காந்த அலை. ஜெர்மானியரான ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் அத்தகைய அலைகளை உண்டாக்கி, அவை இருப்பதை மெய்ப்பித்திருந்தார். 1894ன் தொடக்கத்தில் அவர் இளவயதிலேயே காலமானார். அவருடைய பணியை விளக்கி இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் எழுதியவற்றை போஸ் படித்தார்.

ஒளியும் இந்த அலையும் ஒரே இனம் என்றால், ஒளி செய்வதையெல்லாம் இதுவும் செய்ய வேண்டும். கண்ணாடியில் படுவதுபோல் திரும்ப வேண்டும், முப்பட்டகத்தில் வளைய வேண்டும். அதைச் சோதிக்க ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலையின் நீளம் பல பத்து சென்டிமீட்டர். அவ்வளவு நீளமான அலையை வளைக்க அவர் கீலால் வார்த்த முப்பட்டகம் அரை டன்னுக்கும் மேல் எடை கொண்டது.

கல்கத்தாவின் அந்தச் சிறு அறையில் அப்படிப்பட்ட ஒன்றை நிறுத்தக்கூட இடமில்லை. போஸ் பிரச்சினையை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். கருவி சிறியதாக வேண்டுமானால் அலை சிறியதாக வேண்டும். பிளாட்டினக் குண்டுகளுக்கிடையே நுண்ணிய மின்பொறி தெறிக்கச் செய்து, 25 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளை அவர் உண்டாக்கினார். 5 மில்லிமீட்டர் என்பது இன்றைய கணக்கில் நொடிக்கு 6,000 கோடி அதிர்வு. பொறியாளர்கள் அதை 60 கிகாஹெர்ட்ஸ் என்பர்.

அலை சுருங்கியதும் ஆய்வுக்கூடமே ஒரு மேசைக்குள் அடங்கியது. அரை டன் முப்பட்டகத்தின் வேலையைக் கைக்கு அடக்கமான கந்தகத் துண்டு செய்தது.

தகரப் புனலும் சணல் கட்டும்

அந்த மேசைமேல் இருந்த கருவிகள் பார்ப்பதற்கு எளியவை. அலை இங்குமங்கும் சிதறாமல் ஒரே திசையில் செல்ல, பொறி தெறிக்கும் இடத்தை ஓர் உலோகக் குழாய்க்குள் வைத்தார். மறுமுனையில் வரும் அலையைத் திரட்டிச் சேர்க்க, வாய் அகன்ற புனல் ஒன்றைப் பொருத்தினார். இன்று அந்தக் குழாய் அலைவழிகுழாய் எனவும், புனல் கொம்பு வடிவ அலைவாங்கி எனவும் அழைக்கப்படுகின்றன.

அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைப் பிரித்தறியவும் அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. கைக்கு அகப்பட்டது பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகம். அதன் பக்கங்களுக்கிடையே ஈயத்தாள் போன்ற மெல்லிய வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். ஒரு திசையில் அதிரும் அலையைப் புத்தகம் விட்டது. வேறு திசையில் அதிர்ந்ததைத் தடுத்தது.

வங்காளத்தில் சணலுக்குப் பஞ்சமில்லை. சணல் நாரை முறுக்கிக் கட்டி, அதன் வழியே அலையை அனுப்பிப் பார்த்தார். இடமாக முறுக்கினால் அலை அதிரும் திசை ஒரு பக்கம் திரும்பியது. வலமாக முறுக்கினால் மறுபக்கம் திரும்பியது. சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவது எப்படி என்பதை, முறுக்கிய சணலை மாதிரியாக வைத்து அவர் விளக்கினார்.

ரேடார் துணைக்கோளங்கள் இன்று அலை அதிரும் திசையைக் கவனித்துத்தான் காட்டையும் வயலையும் கட்டடத்தையும் வேறுபடுத்திக் காண்கின்றன. ஒரு பொருளின் உள்ளமைப்பு தன்மேல் படும் அலையின் அதிர்வை மாற்றும் என்ற உண்மையை போஸ் ரயில் அட்டவணையையும் சணலையும் கொண்டு நுண்ணலையில் காட்டிவிட்டிருந்தார்.

1895ல் கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள்முன் ஒரு செய்முறை விளக்கம் நடந்தது. வங்காளத்தின் துணை ஆளுநரும் வந்திருந்தார். போஸ் அனுப்பிய அலை துணை ஆளுநரின் உடலையும் இடையிலிருந்த சுவர்களையும் கடந்து சென்று, தொலைவிலிருந்த அறையில் மணியை ஒலிக்கவைத்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. கம்பியில்லாமல், கண்ணுக்குத் தெரியாமல், சுவரைத் தாண்டி ஒன்று செல்கிறது என்பதை அந்நகரம் முதன்முதலாகக் கண்டது.

அதே ஆண்டு அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் கல்கத்தாவிலும் லண்டனிலும் வெளியாயின. 1896ல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அவ்வாண்டு லிவர்பூலில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் தம் கருவியை இயக்கிக் காட்டினார். முதுபெரும் இயற்பியலாளர் லார்ட் கெல்வின், நடக்கச் சிரமப்பட்ட நிலையிலும் பெண்கள் அமர்ந்திருந்த மாடத்துக்கு ஏறிச்சென்று அபலாவிடம் கணவரைப் பாராட்டினார். 1897 ஜனவரி 29ஆம் தேதி, லண்டன் ராயல் கழகத்தின் புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவு போஸுடையது.

பத்தாண்டுக்கு முன்பு இந்தியர்களால் இது ஆகாது என்று சொன்ன ஆட்சியின் தலைநகரில், தகரத் தொழிலாளியின் கைவண்ணத்தை ஐரோப்பாவின் முன்னணி அறிவியலாளர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

விற்க மறுத்தவர்

பாராட்டியவர்களுக்கு அப்பால், அந்த அலைகளில் பணத்தைக் கண்டவர்களும் இருந்தார்கள். கம்பியில்லாத் தந்தி அன்றைய உலகின் புதிய வணிகம். 1901ல் போஸ் மீண்டும் லண்டனில் இருந்தபோது, தந்தி நிறுவனம் நடத்திய பெரும் செல்வந்தர் ஒருவர் அவரைத் தேடிவந்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறலாம், செலவைத் தாம் ஏற்கலாம், லாபத்தில் பங்கு தரலாம் என்பது அவருடைய பேச்சு. போஸ் மறுத்துவிட்டார். அந்தச் சம்பவத்தை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதத்தில் தெரிவித்தார். பணத்தாசை என்னும் சுழலில் ஒருமுறை சிக்கினால் மீளமுடியாது என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

நண்பர்கள் விடவில்லை. விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதாவும், அமெரிக்கரான சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால், ஒரே ஒரு கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பிக்க இணங்கினார். 1901 செப்டம்பரில் பதிவான அந்த விண்ணப்பத்துக்கு 1904 மார்ச் 29ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 755840.

அந்தக் கருவியின் உள்ளே இருந்தது கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகம். அதன்மேல் ஓர் உலோக முனை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும். அலை படும்போது படிகம் வழியே செல்லும் மின்னோட்டம் மாறும். வானொலி அலையை மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதே படிகம் உணர்ந்தது. செயற்கை விழித்திரை என்று சொல்லத்தக்க கருவியாகவே போஸ் அதைக் கண்டார்.

பகுதி மின்கடத்தியில் செய்த ஒரு கருவிக்கு உலகில் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை என்று பொறியியல் வரலாற்றாசிரியர்கள் அதைக் கருதுகிறார்கள். கையில் கிடைத்த அந்த உரிமையை போஸ் பணமாக்கவில்லை. காலாவதியாக விட்டுவிட்டார்.

போஸ்தான் வானொலியைக் கண்டுபிடித்தார், மார்க்கோனி அதைத் திருடிக்கொண்டார் என்ற செய்தி அவ்வப்போது சமூக ஊடகங்களில் வலம்வருகிறது. உண்மை அவ்வளவு எளிமையானதன்று. வானொலிக்குப் பலர் பங்களித்தனர். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சமிக்ஞையை மார்க்கோனி பாதரசம் கலந்த ஓர் உணர்கருவியின் மூலம் கேட்டார். அதே வகைக் கருவியை போஸ் 1899லேயே ராயல் சொசைட்டிக் கட்டுரையில் விவரித்திருந்தார். இத்தொடர்பை 1998ல் ஓர் அமெரிக்கப் பொறியியல் சஞ்சிகையில் வெளியான ஆய்வுக் கட்டுரை விரிவாக ஆராய்ந்தது.

ஆனால் இருவரும் சென்ற வழிகளே வேறு. மார்க்கோனிக்குத் தொலைவு தேவைப்பட்டது. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலைகளைக் கொண்டு அவர் கடலைத் தாண்டினார், கப்பல்களை இணைத்தார், நிறுவனம் வளர்த்தார். போஸுக்கு அலையின் இயல்பு தேவைப்பட்டது. அவருடைய மில்லிமீட்டர் அலைக்கு அன்று வாங்குவோர் யாருமில்லை.

புயலை அடக்கிய தலைமுடி எண்ணெய்

ஆய்வுக்கூடத்தில் அலைகளோடு மல்லுக்கட்டிய அதே 1896ல், தலைமுடி எண்ணெய் நிறுவனம் ஒன்று நடத்திய சிறுகதைப் போட்டிக்கு போஸ் வங்காளியில் ஒரு கதை எழுதினார். வங்காளத்தின் முதல் அறிவியல் புனைகதைகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கும் என்று வானிலைத் துறை எச்சரிக்கிறது. நகரமே அஞ்சி நடுங்குகிறது. புயல் வரவில்லை. எங்கே போனது என்று அறிவியலாளர்களுக்கும் விளங்கவில்லை. உண்மையில் நடந்தது வேறு. உடல்நலத்துக்காக இலங்கைக்குக் கப்பலில் சென்ற வழுக்கைத் தலையர் ஒருவர், புயலில் சிக்கியபோது மகள் கொடுத்தனுப்பிய எண்ணெய்ப் புட்டியைக் கடலில் ஊற்ற, எண்ணெய் பரவி அலை அடங்கியது.

வேடிக்கைக் கதைதான். ஆனாலும் வங்கக் கடலில் ஒரு புயல் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று அறிய அன்று வழியில்லாமல் இருந்ததை அது காட்டுகிறது. இன்று அந்த வேலையில் பங்குகொள்பவை வானிலைத் துணைக்கோளங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரையிலான நுண்ணலைகளை இயற்கையாகவே வெளியிடுகிறது. அதை மேலிருந்து அளந்து, மேகத்துக்கு அடியிலும் காற்றின் வெப்பநிலையைத் துணைக்கோளங்கள் கணிக்கின்றன. போஸ் மேசைமேல் உண்டாக்கிய 5 மில்லிமீட்டர் அலை அதே வரிசையில்தான் வருகிறது.

அலையை விட்டுச் செடிக்கு

1900ஆம் ஆண்டுக்குப் பிறகு போஸின் பாதை திரும்பியது. அலையைத் தொடர்ந்து உணரும் கருவி சற்று நேரத்தில் களைத்துப் போவதையும், ஓய்வு கொடுத்தால் மீண்டும் தெம்பு பெறுவதையும் அவர் கவனித்தார். உயிருள்ள தசையும் அப்படித்தானே என்ற கேள்வி எழுந்தது. உலோகத்திலிருந்து செடிக்கும், செடியிலிருந்து உயிரின் இயல்புக்கும் அவருடைய கவனம் நகர்ந்தது.

இயற்பியலாளர் ஒருவர் தங்கள் துறைக்குள் நுழைவதை லண்டன் உடலியல் அறிஞர்கள் விரும்பவில்லை. 1901ல் கடும் எதிர்ப்பு கிளம்பி, அவருடைய கட்டுரை ஒன்றின் வெளியீடு நிறுத்தப்பட்டது. அவர் மனம் தளராமல் தம் ஆய்வுகளைப் புத்தகங்களாக வெளியிட்டார். லண்டனில் தங்கிப் பணியைத் தொடரப் பணம் இல்லாதபோது, தாகூர் திரிபுரா மன்னரிடம் பேசி உதவி பெற்றுத் தந்தார். செடியின் மிக நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை உருவாக்கியது பிந்தைய ஆண்டுகளில்.

1917ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் தேதி, தம் 59ஆம் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வுக் கழகத்தைத் திறந்தார். அங்கு நிகழும் கண்டுபிடிப்புகள் எல்லாருக்கும் பொதுவானவை, எதற்கும் காப்புரிமை பெறப்படாது என்று திறப்பு விழாவிலேயே அறிவித்தார். 1920ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

செடி ஆய்வில் அவர் எடுத்த சில முடிவுகள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. நுண்ணலை ஆய்வை அவர் விட்டுச் சென்றதால் இழப்பும் ஏற்பட்டது. காப்புரிமையைப் பயன்படுத்தவில்லை, தொழிற்சாலை இல்லை, அந்தக் கருவிகளை அவ்விடத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்ல ஆளில்லை. புனலும் குழாயும் படிகமும் கண்ணாடிப் பேழைக்குள் போயின.

அரை நூற்றாண்டுக்குப் பின் விழித்த கருவிகள்

உலகம் அந்தக் கருவிகளைத் தேடிவரச் சுமார் 40 ஆண்டுகள் ஆயின. 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலும் எம்ஐடி கல்விக்கழகத்திலும் அலைவழிகுழாயும் கொம்பு அலைவாங்கியும் புதிதாகக் கண்டறியப்பட்டன.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பகை விமானத்தைத் துல்லியமாகக் காண நீண்ட அலை போதவில்லை. 1940ல் பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான மேக்னட்ரான் குழாய், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அலைகளை மிகுந்த ஆற்றலுடன் தந்தது. விமானத்தில் அடங்கும் ரேடார் சாத்தியமானது. மேகத்துக்கு மேலே பறந்துகொண்டே கீழேயுள்ள கடற்கரையையும் நகரத்தையும் திரையில் காட்டிய ரேடார்கள் அதன்பின் வந்தன. இன்றைய ரேடார் துணைக்கோளங்களின் மூதாதை அவைதாம்.

அவ்வளவு குறுகிய அலையை வெற்றிடக் குழாய்களால் சரியாக உணர முடியவில்லை. பொறியாளர்கள் மறுபடியும் படிகத்தையும் அதைத் தொடும் உலோக முனையையும் நாடினர். கலீனாவுக்குப் பதிலாக சிலிக்கான். போர்க்கால ரேடாருக்காகத் தூய்மையான சிலிக்கானும் ஜெர்மானியமும் செய்யக் கற்றது, 1947ல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறக்க வழிகோலியது. கணினிச் சில்லு அதன் வழித்தோன்றல்.

டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவருள் ஒருவரான வால்டர் பிராட்டேன், 1955ல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து பகுதி மின்கடத்தி ஆய்வின் வரலாற்றை எழுதினார். படிகத்தை அலை உணரும் கருவியாக முதலில் பயன்படுத்தியவர் என்ற பெருமையை அவர்கள் போஸுக்குக் கொடுத்தனர்.

போஸ் ரேடாரைக் கண்டுபிடிக்கவில்லை. கணினியைக் கனவு காணவும் இல்லை. ஆனால் அவற்றைச் செய்தவர்கள் சென்ற வழியில், அவர் முன்பே நட்டுவைத்த அடையாளக் கற்கள் இருந்தன. இன்றைய மில்லிமீட்டர் அலை ஐந்தாம் தலைமுறைத் தொலைத்தொடர்பில் இருக்கிறது. முன்செல்லும் வாகனத்தின் தூரத்தை அளக்கும் கார் ரேடாரில் இருக்கிறது. அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்த 12 மீட்டர் வானொலித் தொலைநோக்கியின் ஒரு கருவியில், போஸ் பயன்படுத்திய இரட்டை முப்பட்டக முறை நூறாண்டு கழித்துக் கையாளப்பட்டது.

கிரிதியில் முடிந்த வாழ்க்கை

1937 நவம்பர் 23ஆம் தேதி, இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள கிரிதியில் போஸ் காலமானார். 79ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரமே இருந்தது. ரேடார் அப்போதுதான் பிரிட்டனின் கடற்கரையில் கோபுரங்களாக எழத் தொடங்கியிருந்தது. அபலா 1951 வரை வாழ்ந்தார்.

பிரசிடென்சி கல்லூரியில் அவரிடம் பயின்றவர்களில் ஒருவரான சிசிர் குமார் மித்ரா, வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் மேல்வளிமண்டலத்தை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்றார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் வானொலி இயற்பியலுக்கெனத் தனிக் கல்விக்கழகம் 1949ல் அமைய அவரே காரணம்.

நிலவின் மறுபக்கத்துப் பள்ளம் ஒன்றுக்கு போஸின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. உலக மின்னியல், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ, 1894 முதல் 1896 வரை அவர் நடத்திய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை 2012ல் பொறியியல் வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்தது. மூன்றாண்டுச் சம்பளத்தை அவர் வாங்க மறுத்த அந்தக் கல்வி நிலையத்துக்கே அந்தப் பெருமை வந்து சேர்ந்தது.

அவர் பயன்படுத்திய கருவிகள் கோல்கத்தாவின் போஸ் ஆய்வுக் கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முறுக்கிக் கட்டிய சணலும் இருக்கிறது.